துரைசாணி வரும் நேரம்

எனக்கு எட்டு வயது நடக்கும்போதே உத்தியோகம் கிடைத்துவிட்டது. துபாஷி உத்தியோகம். அம்மாவோடு கப்பலேறிப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போய், அம்மா சொல்வதை டாக்டருக்கு இந்தியிலும் டாக்டர் சொல்வதை அம்மாவுக்குத் தமிழிலும் சொல்ல வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இந்தி தெரிந்த ஆள் நான்தான் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அப்பாவுக்கு இந்தி தெரியாது என்பதால் என் இந்தியில் அவர் குறை கண்டுபிடிக்க வழியில்லை. பசு பால் தரும், சூரியன் கிழக்கில் உதிக்கும், என் பள்ளிக்கூடம் அழகானது. இவ்வளவுதான் என் இந்தி. நோயாளிக்கு ஆகிற இந்தி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

நாங்கள் கச்சால் தீவில் இருந்தோம். இலங்கைத் தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவர்களை, உங்கள் ஊர் இந்தியா என்று சொல்லிக் கப்பலேற்றி, மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் வைத்திருந்து, மறுபடியும் கப்பலேற்றி இந்தத் தீவில் ரப்பர் நடக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கொழுந்து கிள்ளிய கைகள் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கச் சிரட்டை கட்டப் பழகிக்கொண்டன. மற்றபடி லயம் லயமாகவே இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுப்பதை எல்லாரும் பெரட்டு என்றுதான் சொன்னார்கள். மேலதிகாரி யார் வந்தாலும் அவர் துரைதான். வடக்கத்தி ஆளாக இருந்தாலும், மலையாளியாக இருந்தாலும், எங்கள் ஆட்கள் ஒருவரையும் துரைப் பட்டத்திலிருந்து விலக்கிவைக்கவில்லை.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வீட்டில் சொல்லப்பட்டது அவ்வளவுதான். என்ன உடம்புக்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. பிறகு பெரியவளாகித் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு அடுத்ததாக வயிற்றில் வந்த ஒன்று தங்காமல் போய்விட்டது. அதிலிருந்து அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவேயில்லை. மாதக்கணக்கில் அது போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா விடியுமுன் எழுந்து தனியாக ஓடைக்குத் துணி துவைக்கப் போகிறாள், திரும்பி வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாள் என்பதுதான். அவள் உதடும் நகமும் ஒரே வெள்ளையாக இருந்தன. அம்மா வெள்ளையாகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

தீவில் மருந்து கொடுக்க ஒரு கம்பவுண்டர் இருந்தார். டாக்டர் வருவார், வருவார் என்று ஒரு பூட்டிய அறையைக் காட்டிச் சொல்வார்கள். அந்த அறைக்கு நாற்காலி வந்தது, மேஜை வந்தது, டாக்டர் மட்டும் வரவில்லை. கம்பவுண்டர் நல்ல மனுஷர். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஜாடையும் வாயுமாக, இது இங்கே ஆகிற காரியமில்லை, போர்ட் பிளேரில் லேடி டாக்டர் இருக்கிறார், இந்தக் கப்பலிலேயே அனுப்பு, மழை ஆரம்பித்துவிட்டால் கப்பலை நம்ப முடியாது என்று சொல்லியிருக்கிறார்.

லேடி டாக்டர் என்ற சொல் அம்மாவுக்கு உயிர் கொடுத்தது. இத்தனை நாள் கம்பவுண்டரிடம் வாய் திறக்காமல் இருந்தவள், அன்றைக்குத்தான் அப்பாவிடம் சிரித்துப் பேசினாள்.

"பொம்பள டாக்டர்னா சொல்லிப்புடலாங்க. பொம்பளைக்குப் பொம்பள தெரியாதா?"

அப்பா எங்களோடு வரவில்லை. வந்தால் வேலையில் பேர் இருக்காது. தம்பியைப் பார்க்கவும் ஆள் இல்லை. படகில் எங்களை ஏற்றிவிட்டு, "டாக்டரம்மாகிட்ட ஒளிக்காம எல்லாத்தையும் சொல்லிரு" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம், "அம்மா சொல்றத அப்படியே சொல்லணும் பாப்பா. கூட்டிக் கொறைக்கக் கூடாது" என்றார். நான் பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டினேன்.

கப்பலில் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் எல்லாரும் வாந்தியெடுத்தார்கள். அம்மா எடுக்கவில்லை, எடுக்க வயிற்றில் ஒன்றுமில்லை. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து, லேடி டாக்டரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாய் அசையும். என்னம்மா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் எங்களைப் பார்த்தவர் இளவயசு ஆண் டாக்டர். என்ன கஷ்டம் என்று இந்தியில் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

"மயக்கமா வருதுன்னு மட்டும் சொல்லு."

"வேற ஒன்னும் இல்லையாம்மா?"

"வேறத்த நான் அந்தம்மாகிட்ட சொல்லிக்கிறேன்."

மயக்கத்துக்கு இந்தியில் என்னவென்று தெரியாமல் தலையைச் சுற்றிக் காட்டினேன். டாக்டர் சிரித்தார். அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. படுக்கையில் சேர்க்கச் சொன்னார். காலையில் பெரிய மேடம் வார்டுக்கு வருவார், அவர் பார்த்துச் சொல்வார் என்றார். அதை நான் ஒரு எழுத்து விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். உத்தியோகம் ஒழுங்காகத்தான் நடந்தது.

வார்டில் கட்டில் காலி இல்லை. பல தீவுகளிலிருந்தும் வந்த பெண்கள் கட்டிலுக்கு ஒருவரும், கட்டில்களுக்கு நடுவே தரையில் ஒருவருமாகக் கிடந்தார்கள். கடைசிக் கட்டிலை ஒட்டி அம்மாவுக்கு ஒரு பாய் கொடுத்தார்கள். அந்தக் கட்டிலில் பருத்த வங்காளத்து அம்மாள் ஒருத்தி இருந்தாள். பாராடாங் பக்கத்திலிருந்து படகு மாறி, லாரி மாறி வந்தவளாம். எல்லாரும் அவளை மாஷி, அதாவது பெரியம்மா, என்றார்கள். நானும் மாஷி என்றேன். அவள் கிழக்கு வங்காளத்திலிருந்து துரத்தப்பட்டுத் தீவுக்கு வந்தவள். எங்களைப் போலத்தான். ஆனால் அவளுக்கு ஊரெல்லாம் சொந்தமிருந்தது. சாயங்காலம் மணியடித்ததும் மீனும் பொரியும் பேரன் பேத்தியுமாக அந்தக் கட்டிலைச் சுற்றிச் சந்தை கூடிவிடும்.

மறுநாள் காலை ஆயா பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தாள். நர்ஸ்கள் தொப்பியைச் சரி செய்தார்கள். வெளியே காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "மேடம் ஆ கயீ" என்று ஆயா குரல் கொடுத்தாள். டாக்டரம்மா வந்துவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

அம்மா எப்படிப்பட்ட ஆளை எதிர்பார்த்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தோட்டத்தில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி மாதிரி, வெற்றிலை போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னாடி செய்யுது?" என்று கேட்கிற ஒருத்தியை எதிர்பார்த்திருக்கலாம். வந்தவர் அப்படி இல்லை. சேலைக்கு மேலே வெள்ளைக் கோட்டு, காலில் ஷூ, கையில் கெடியாரம். பின்னால் நாங்கள் முன்பு பார்க்காத இரண்டு சின்ன டாக்டர்கள், தட்டோடு நர்ஸ், கிண்ணத்தோடு ஆயா. அவர் நடந்தால் அத்தனை பேரும் நடந்தார்கள். அவர் நின்றால் அத்தனை பேரும் நின்றார்கள். மலையில் துரை இப்படித்தான் வருவார்.

"தொரசாணி!" என்றாள் அம்மா, மூச்சுக்குள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழக்கம் என்று சொன்னால் போதாது, அது எலும்பில் ஊறியது. துரை வருகிறார் என்றால் கங்காணி ஒரு இருமல் இருமுவார். பாதையில் இருப்பவர்கள் பாதையை விட்டுக் கீழே இறங்கி, தலையில் போட்டிருக்கும் கொங்காணிச் சாக்கை எடுத்துவிட்டு, தரையைப் பார்த்து நிற்க வேண்டும். உட்கார்ந்திருப்பது தப்பு. படுத்திருப்பதை நினைத்தே பார்க்க முடியாது. துரை லயத்தைப் பார்வையிட வந்தால், பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவள்கூடப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவாளாம். துரையிடம் சொல்ல வேண்டியது இருந்தால் கங்காணி கூப்பிடுவார். கூப்பிட்டால் போய், எட்டி நின்று சொல்லலாம். கூப்பிடாதவர்கள் வாயைத் திறந்தால் குடும்பத்துக்கே சீட்டுக் கிழியும்.

அம்மா மளமளவென்று எழுந்தாள். பாயைச் சுருட்டினாள். போர்வையை நாலாக மடித்து அதன்மேல் வைத்து, எல்லாவற்றையும் மாஷியின் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எச்சிலைத் தொட்டு என் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறி, துணி துவைக்கும் குழாயடியில் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். அங்கிருந்து வார்டின் கதவு தெரியும்.

"கூப்பிடுவாங்க. கூப்பிட்டதும் நீ முன்னால போயி சலாம் சொல்லணும்" என்றாள்.

கூப்பிடவில்லை. துரைசாணியும் பரிவாரமும் கடைசிக் கட்டில்வரை வந்து, மாஷியிடம் பேசி, திரும்பிப் போய்விட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் துடைத்த தரைதான் இருந்தது. தரையிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை.

நாங்கள் உள்ளே வந்து பாயை விரித்தோம். "புதுசா வந்திருக்கோம்ல. நாளைக்குக் கூப்பிடுவாங்க" என்றாள் அம்மா. மாஷி எங்களை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கு அடுத்த நாளும். காரின் கதவு சாத்தும் சத்தம்தான் எங்களுக்குக் கங்காணியின் இருமல். ஒருநாள் மாஷி அம்மாவின் முந்தானையை எட்டிப் பிடித்துக்கொண்டு, "அரே, பைட்டோ, பைட்டோ!" என்று தரையைத் தட்டினாள். உட்காரச் சொல்கிறாள் என்று நான் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வந்துவிட்டாள். வங்காளத்து அம்மாள் விளையாட்டுப் பிடித்தவள் என்று அவள் நினைத்தாள்.

அன்று மாஷி என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, கை நிறையப் பொரியைக் கொடுத்து விசாரித்தாள். உன் அம்மாவுக்கு டாக்டரைக் கண்டால் பயமா என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, பயமில்லை, மரியாதை என்றேன். சொல்லிவிட்டு, துரைசாணி வரும்போது கால் நீட்டிப் படுத்திருக்கும் அந்த வார்டுப் பெண்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தேன். மரியாதை தெரியாத ஜனங்கள் என்று எனக்கு அவர்கள்மேல் இரக்கமாக இருந்தது.

பகல் இப்படிப் போய்விடும். சாயங்காலம்தான் போகாது. பார்வையாளர் மணி அடித்ததும் எல்லாக் கட்டிலிலும் தமிழ் தவிர மற்ற பாஷையெல்லாம் கேட்கும். எங்கள் பாய்க்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். யாரும் வராத பாயில் உட்கார்ந்திருப்பது எனக்கு அவமானமாக இருந்தது. அதனால் மணியடித்ததும் நான் வாசல் கேட்டுக்குப் போய், யாரையோ எதிர்பார்ப்பதுபோல ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காவல்காரர் ஒருநாள் யார் வர வேண்டும் என்று கேட்டார். சித்தப்பா என்று சொன்னேன். எனக்குச் சித்தப்பா ஒருவர் இருந்தார்தான். அவர் இலங்கையிலேயே நின்றுவிட்டார், எந்தக் கப்பலிலும் அவர் பேர் வரவில்லை. சில நாள் கழித்துக் காவல்காரர் அவராகவே, என்ன, கப்பல் லேட்டா என்று கேட்டார். ஆமாம், லேட் என்றேன்.

ஒருநாள் கேட்டிலிருந்து திரும்பியபோது அம்மா, "யாரு வந்தா?" என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தாள். பேனே இல்லாத தலையில் ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது. விளக்கு வைத்ததும் ஜன்னலில் மரைன் ஹில் வீடுகளின் வெளிச்சம் தெரியும். ஒவ்வொன்றிலும் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பேன். அந்தத் தனிமை வேறு எப்போதும் எனக்கு வந்ததில்லை. பிறகு எத்தனையோ ஊரில் தனியாக இருந்திருக்கிறேன், ஆனால் பக்கத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு தனியாக இருந்தது அப்போதுதான்.

விடியுமுன் விழித்தால் அம்மா பாயில் இருக்கமாட்டாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். வெளிச்சம் வருமுன் தன் துணிகளைத் துவைத்து, யார் கண்ணிலும் படாமல் புதர்மேல் உலர்த்திவிட்டு வருவாள். ஆஸ்பத்திரிப் போர்வையில் ஒரு கறை பட விடவில்லை. நர்ஸ் வந்து பார்க்கும்போது அம்மா குளித்து, தலை சீவி, பொட்டு வைத்து உட்கார்ந்திருப்பாள். நோயாளி என்று சொல்ல ஒரு அடையாளம் பாக்கி வைக்கவில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது. நாங்கள் வழக்கம்போலக் குழாயடியில் நின்றோம். அன்றைக்கு வார்டில் கூட்டம். யாருடைய மாமியாரோ, யாருடைய புருஷனோ, பார்வை நேரமில்லாமலே உள்ளே புகுந்து கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். துரைசாணிக்குக் கோபம் வந்துவிட்டது. கூட வந்தவர்கள் எல்லாரும் வெளியே போங்கள் என்று சத்தம் போட்டபடி பின்கதவு வரைக்கும் வந்தவர், எங்களைப் பார்த்தார்.

அம்மா சட்டென்று ஒதுங்கித் தரையைப் பார்த்தாள். நான் முன்னால் போய்ச் சலாம் வைத்தேன். துரைசாணியின் முகம் தெளிந்தது. சிரித்தார். அவருக்கு அழகான பல் வரிசை. எங்களைக் காட்டி, ஆயாவிடமும் மற்றவர்களிடமும் இந்தியில் என்னவோ சொன்னார். என் கன்னத்தைத் தட்டினார். திரும்பி உள்ளே போய்விட்டார். அம்மா நிமிரவேயில்லை.

"என்னா சொன்னாங்க?" என்று கேட்டாள், அவர் போன பிறகு.

எனக்கு எல்லாம் புரிந்திருந்தது. அன்றைக்கென்று என் இந்தி கைகொடுத்தது. ஆயாவிடமும் ஒருமுறை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டேன். நோயாளிக்குத் துணையாக வருகிறவர்கள் இப்படி இருக்க வேண்டும், நான் வருகிற நேரத்தில் உள்ளே கூட்டம் போடாமல் இந்த அம்மாள் எவ்வளவு ஒழுங்காக வெளியே வந்து நிற்கிறாள், இவளைப் பார்த்து மற்றவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருந்தார். கூட்டாமல் குறைக்காமல் அப்படியே அம்மாவுக்குச் சொன்னேன்.

அம்மாவின் முகம் மலர்ந்ததை அந்த ஆஸ்பத்திரியில் அன்றுதான் பார்த்தேன்.

"அப்படியா சொன்னாங்க? தொரசாணி வாயாலயா?"

"ஆமாம்மா. எல்லாரும் உன்னப் பாத்துப் படிக்கணுமாம்."

"பாத்தியா, நமக்கும் நேரம் வருது. நாளைக்குக் கட்டாயம் கூப்பிடுவாங்க."

துணையாக வந்தவள் என்று அவர் சொன்னதில் அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. அவள் எனக்குத் துணையாகத்தானே இருந்தாள்? அன்று சாயங்காலம் நான் கேட்டுக்குப் போகவில்லை. பாயிலேயே, அம்மாவுக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது துரைசாணி இல்லை, காலை நர்ஸ். தெற்கே போகும் கப்பல் வந்துவிட்டது, இதை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது, வடக்கே ஏதோ தீவிலிருந்து நிறைய நோயாளிகள் வந்திருக்கிறார்கள், பாய் வேண்டும் என்றார். உன் அம்மாவுக்கு மயக்கம்தானே, தினமும் எழுந்து நடமாடுகிறாள், நன்றாகத் தேறிவிட்டாள் என்றார். ஒரு பொட்டலம் இரும்புச்சத்து மாத்திரையும் ஒரு புட்டி சிவப்புத் தண்ணி மருந்தும் கொடுத்தார். அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனமில்லை. தேறிய நோயாளி எப்படியிருப்பாளோ, அப்படித்தான் என் அம்மா அவர் முன்னால் நின்றாள்.

அம்மா புட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தம்மா எப்பக் கூப்பிடுவாங்கன்னு கேளு."

கேட்டேன். நர்ஸுக்கு நான் கேட்டது புரியவில்லையோ, புரிந்தும் நேரமில்லையோ, சரி சரி, கப்பலைப் பிடியுங்கள் என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மா யோசித்தாள். பிறகு அவளே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள்.

"பெரிய படிப்பு படிச்சவங்க. ஆள ஒரு தரம் பாத்தா நோவு தெரிஞ்சிராதா? அதுக்குத்தான் மருந்து குடுத்திருக்காங்க."

மாஷி கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வங்காளத்தில் நெடுநேரம் பேசினாள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. கடைசியில் மாஷி அழுதாள். அதற்கு எந்தக் காரணமும் எங்களுக்குத் தென்படவில்லை.

அம்மா அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கென்று வைத்திருந்து அழவைக்கும் உத்தேசம் எனக்கில்லை. நான் இப்போது இருப்பது போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில். ஆஸ்பத்திரி ஆட்டோ தூரம். இந்தி என் பிள்ளைகள் சிரிக்கிற அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் போன வருஷம் ஒரு காய்ச்சலுக்குப் படுத்திருந்தபோது, டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் என் கால்கள் தாமாகக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தன. ஏன் எழுந்திருக்கிறீர்கள் என்று அந்தச் சின்னப் பையன் கேட்டான். அவன் டாக்டர்தான், என் மகனைவிட இளையவன். அவனுக்கு என்ன சொல்வது? மரியாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கச்சாலில் கப்பல் கரையை ஒட்டி வராது. தள்ளி நங்கூரம் போடும். படகில் இறங்கி வர வேண்டும். நாங்கள் திரும்பிய அன்று அப்பா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றிருந்தார். அம்மா படகிலிருந்து இறங்கியதும் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நடந்து வர முடியவில்லை. "மருந்து குடுத்திருக்காங்க. நல்ல எடம். யாரும் ஏசல" என்றாள் அப்பாவிடம். அதற்குமேல் பேச அவளுக்கு மூச்சு இல்லை.

அப்பா மருந்துப் புட்டியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். கம்பவுண்டரிடம் இருந்த அதே சிவப்புத் தண்ணிதான். என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார்.

"டாக்டரம்மா என்ன பாப்பா சொன்னாங்க?"

இதற்காகத்தானே கப்பலில் வழி முழுக்கக் காத்திருந்தேன். அம்மாவை எல்லார் முன்னாலும் புகழ்ந்ததை, சிரித்ததை, என் கன்னத்தைத் தட்டியதை, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சந்தோஷப்படுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அப்பா சந்தோஷப்படவில்லை. தம்பியை மணலில் இறக்கிவிட்டார்.

"அவங்க வர்றப்ப அம்மா எங்க நின்னா?"

"வெளிய, குழாயடியில."

"எல்லா நாளுமா?"

"ஆமா. பாயெல்லாம் சுருட்டி வச்சிட்டு ஒழுங்கா நின்னோம். நான் சலாம்கூட வச்சேன்ப்பா."

அப்பாவும் அந்த மலையில் பிறந்தவர்தான். அவருக்கு மேற்கொண்டு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கப்பல் நங்கூரத்தைத் தூக்கிவிட்டிருந்தது. சங்கு ஊதியது. அப்பா தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு ஓடினார். வேட்டி நனைய, இடுப்பளவுத் தண்ணீருக்குள் இறங்கி, துண்டைத் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வீசினார். அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் கையைக் காட்டி என்னவோ கத்தினார், அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எங்களைக் கொண்டுவந்து சேர்த்த கப்பலை அப்பா எவ்வளவு ஆசையாக வழியனுப்புகிறார் என்று நினைத்தேன். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அது கண்ணுக்கு மறையும்வரை நானும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன்.